பின்காற்றுக்கு எந்தக் கம்பு? பாய்மரப் படகு வாங்கிய புதியவர்களுக்கு

மே மாதம் அக்கா மகன் கொச்சியிலிருந்து நாயுடுபுரம் வீட்டுக்கு வந்திருந்தான். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய 32 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். பந்தயத்துக்கு இல்லை, ஊர் ஊராகக் கடலில் போய்வர. பையை இறக்கி வைத்ததும், பின்காற்றில் பாயை வெளியே தள்ளிப் பிடிக்கும் கம்பு பற்றித்தான் முதல் கேள்வி: "மாமா, ஸ்பின்னேக்கர் போல் வாங்குறதா, விஸ்கர் போல் வாங்குறதா?"

பதில் சொல்லாமல் கொல்லைப்புறம் கூட்டிப்போனேன். கொடைக்கானலில் மேகம் இறங்குவதற்குள் துணி காயவைப்பதே பெரும்பாடு. கொடியில் ஈரப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வீசினால் உப்பியது, ஓய்ந்தால் தொய்ந்தது, மறுபடி வீசும்போது பட்டென்று அறைந்தது. கொடியைத் தூக்கி நிறுத்தும் கவட்டைக் கம்பை எடுத்து, போர்வையின் கீழ் மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். அறைவது நின்றது. இந்தக் கம்பு செய்யும் வேலை அவ்வளவுதான். (போல் என்பதை இனிக் கம்பு என்றே எழுதுகிறேன்.)

கடலில் இது ஏன் தேவைப்படுகிறது? காற்று பின்னாலிருந்து 12 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வருகிறது, படகு 5 நாட்டில் போகிறது என்றால் பாய் உணர்வது 7 நாட் மட்டுமே. போதாக்குறைக்குப் பெரிய பாய் முன்பாயை மறைத்துவிடும். அதனால் முன்பாயை எதிர்ப்பக்கம் விரிப்போம், பறவை இரு சிறகை விரித்தது மாதிரி. ஆனால் அலையில் படகு உருளும் ஒவ்வொரு முறையும் முன்பாய் சுருங்கி அறையும். அந்த மூலையைக் கம்பு பிடித்துக்கொள்கிறது.

முதல் வேலை: பாய்களைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகுமுன் படகில் என்னென்ன பாய் இருக்கிறது என்று பாருங்கள். பலூன் மாதிரி உப்பும், இரு பக்கமும் ஒரே அளவான நைலான் ஸ்பின்னேக்கர் இருக்கிறதா? அதற்கு ஸ்பின்னேக்கர் கம்புதான் வேண்டும். அந்தப் பாய் மூன்று மூலைகளில் மட்டுமே பிடிபட்டு நிற்பது. காற்று பக்கவாட்டுக்கு வர வர, கம்பு முன்பக்கக் கம்பிக்கு (ஃபோர்ஸ்டே) அருகே போகும். அப்போது அதைப் பின்னிழுக்கும் கயிறு குறுகிய கோணத்தில் இழுப்பதால், கம்பை நீளவாக்கில் நசுக்கும் பாரம் மிகவும் கூடும். அதனால்தான் அது தடிமனாக, ஒரே நீளத்தில் இருக்கும்.

சமச்சீரற்ற ஸ்பின்னேக்கர் என்றால் அதன் முன்மூலை படகின் மூக்கிலேயே கட்டப்படும். பெரும்பாலும் கம்பே வேண்டாம்.

உங்களிடம் இருப்பது சுருட்டி வைக்கும் முன்பாய், அதாவது ஜிப் அல்லது அதைவிடப் பெரிய ஜெனோவா மட்டும்தானா? ஊர் சுற்றும் படகுகளில் முக்கால்வாசி இப்படித்தான். அப்படியானால் விஸ்கர் கம்பு. லேசானது, பெரும்பாலும் உள்ளுக்குள் நுழைந்து நீளும் குழாய். ஸ்பின்னேக்கர் கம்பை ஜிப்புக்குப் பயன்படுத்தலாம், பாரமாக இருக்கும், நீளம் கொஞ்சம் பற்றாது, ஆனால் தாங்கும். விஸ்கர் கம்பை ஸ்பின்னேக்கருக்குப் போடாதீர்கள். "காற்று கம்மிதானே" என்று தொடங்குபவர்கள்தான் முறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது அளவு

பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து ஃபோர்ஸ்டே தளத்தில் சேரும் இடம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். இதற்கு 'ஜே' என்று பெயர். ஸ்பின்னேக்கர் கம்பின் வழக்கமான நீளம் இதுவே.

விஸ்கர் கம்புக்கு ஜே மட்டும் போதாது. எங்கள் பிள்ளையின் படகில் ஜே 3.8 மீட்டர், ஜெனோவா 135 சதவீதம். அதாவது பாயின் முன்விளிம்பிலிருந்து பின்மூலைக்குச் செங்குத்தாக அளந்தால் 3.8 × 1.35, சுமார் 5.1 மீட்டர். பாயின் அடிவிளிம்பு அதைவிடச் சற்று நீளம். விஸ்கர் கம்பின் உச்ச நீளம் ஏறக்குறைய அந்த அடிவிளிம்பின் அளவுக்கு இருந்தால் லேசான காற்றில் பாய் நன்றாக விரியும். பலத்த காற்றில் பாயைப் பாதி சுருட்டுவோம், கம்பையும் குறுக்க வேண்டும். அதனால் நீட்டிக் குறுக்குவதையே வாங்கச் சொன்னேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நான் காசு கொடுத்துக் கற்றது. ஒரு ஜனவரியில் கோவாவிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று ஏறியது. கம்பை முழு நீளத்துக்கு இழுத்து வைத்திருந்தேன், குறுக்கச் சோம்பல். படகு ஒரு உருட்டு உருண்டதில் கம்பின் நுனி தண்ணீரில் முங்கி, பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பியில் போய் அழுந்தி, முருங்கைக்காய் மாதிரி வளைந்தது.

கணக்கு எளிது. நசுக்கும் பாரத்தில் மெல்லிய குழாய் வளையாமல் தாங்கும் அளவு, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதே குழாயை 3.8-லிருந்து 5.1 மீட்டராக்கினால் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிறது. காற்றோ 10-லிருந்து 20 நாட் ஆனால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்கு. நீளும் கம்பில் உள்குழாய் வேறு மெலிந்தது. ஆகவே இரண்டு கம்பு கையில் கிடைத்தால், சுவர் தடிமனைவிடக் குழாயின் விட்டத்தைப் பாருங்கள். வளையாமல் நிற்பதற்கு விட்டம்தான் அதிகம் கைகொடுக்கும்.

பொருள்: அலுமினியம் போதும். கார்பன் லேசு, விலை அதிகம், அதில் நேரடியாகத் தொடும் அலுமினியப் பாகங்கள் உப்புநீரில் அரிக்கும். ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பைத் தூக்கிப் பாய்மரத்தில் இருக்கும் வளையத்தில் மாட்ட முடிகிறதா? தரையிலேயே முடியாதது ஆடும் தளத்தில் முடியாது.

மாட்டும் வரிசை

மீனவர்கள் தாமான் என்று சொல்லும் கயிறு, பாயின் மூலையை இழுப்பது, முதலில் கம்பு நுனியின் தாடைக்குள் போகட்டும். பாய் இன்னும் சுருட்டியே இருக்க வேண்டும். கம்பின் மறுமுனை பாய்மர வளையத்தில். பிறகு மூன்று கயிறு: மேலே தூக்க ஒன்று, முன்னால் கீழ்நோக்கி இழுக்க ஒன்று, பின்னால் இழுக்க ஒன்று. மூன்றையும் இறுக்கினால் பாய் இல்லாமலே கம்பு அசையாமல் நிற்கும். அதற்கப்புறம் தாமானை இழுத்துப் பாயை விரியுங்கள். பலர் பின்கயிற்றை விட்டுவிடுகிறார்கள். அதைக் கட்டியிருந்தால் திடீரென்று காற்று ஏறும்போது கம்பைத் தொடாமல் பாயை மட்டும் சுருட்டிவிடலாம். பெரிய பாயின் அடியில் இருக்கும் கட்டையையும் முன்பக்கமாக ஒரு கயிற்றால் கட்டுங்கள். தவறிப்போய் அது மறுபக்கம் வீசினால் தலை போகும்.

"நம்ம ஏரியிலே பழகிப் பார்க்கலாமா மாமா?" என்றான். வேண்டாம். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய இந்தக் கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம். மலைச் சந்துகளில் நுழைந்து வரும் காற்று ஒவ்வொரு கைக்கும் ஒரு திசை. துடுப்புப் படகுக்கு அருமையான இடம். இதைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகில், காற்றில்லாத காலையில், கூட்டாளிகளோடு பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். முழு ஜெனோவாவுக்கு ஒரு இடம், பாதி சுருட்டியதற்கு ஒரு இடம் என்று கம்பின் உள்குழாயில் அடையாளம் இட்டுவையுங்கள். டேப் ஒட்டினால் குழாய் உள்ளே போகும்போதே உரிந்துவிடும், பெயின்ட்தான் நிற்கும்.