மீன் முதலில், தண்ணீர் பிறகு: கடல் தொட்டியிலும் கடலடியிலும் நாம் செய்யும் தவறுகள்

கொளத்தூர் வண்ண மீன் கடைகள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் இந்தக் காட்சி கிடைக்கும். பைக்கின் பின்சீட்டில் ஒரு பையன். இடது கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். வலது கையில் இன்னும் பிரிக்காத உப்பு பாக்கெட். மீன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது, அது வாழ வேண்டிய கடல் இன்னும் கரைக்கப்படவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பின்சீட்டில் நான் இருந்தேன். பெரம்பூர் வீட்டில் 200 லிட்டர் தொட்டி. சனிக்கிழமை தண்ணீர் ஊற்றினேன், ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டேன், புதன்கிழமை காலையில் இரண்டும் மிதந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "தொட்டி ரெடியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். தொட்டி ரெடியாகத்தான் இருந்தது.

பிறகு ஒழுங்காகத் தொட்டி வைக்கக் கற்றுக்கொண்டேன். சில வருஷம் கழித்து டைவிங்கும். இரண்டிலும் நான் செய்தவை, பிறர் செய்யப் பார்த்தவை எல்லாமே பெரும்பாலும் வரிசைத் தவறுகள். கல்யாணத்துக்கு முன்னால் வளைகாப்பு நடத்துகிற கதை.

மாவு புளிக்க வேண்டும்

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் ஆபத்துதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இதை ஓரளவு மீன் தாங்கும், மிச்சத்தை நாம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கிரைண்டரிலிருந்து வழித்த மாவை அப்படியே இட்லித் தட்டில் ஊற்றுகிறோமா? தொட்டியும் அப்படித்தான். மீன் இல்லாமல் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, பம்ப்பை ஓட விட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள். நடுவில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படிவு வரும். பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. அது தானாகவே போய்விடும்.

அடுத்து, எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர், லாரி தண்ணீர், மெட்ரோ தண்ணீர் எதையும் நேராக ஊற்ற முடியாது. "வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பார்கள். சமையலறை ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை என் வீட்டு மெஷினில் வைத்துப் பார்த்தேன், 90 காட்டியது. தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம், அல்லது அதை ஒட்டி. அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டீ-அயனைசர் ரெசின் போட்ட குழாய் ஒன்று தனியாக வேண்டும்.

உப்பு விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தவறு உண்டு. "கல் உப்பு கடலில் இருந்துதானே வருகிறது?" வருகிறதுதான். ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பாத்தியில் உப்பு பூப்பதற்கு முன்பே கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாகப் படிந்துவிடும். உப்பு பூத்த பின் மக்னீசியம் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். கைக்கு வருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. சாம்பாருக்கு அது போதும், மீனுக்குப் போதாது. தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பில்தான் மற்ற தாதுக்களும் சேர்ந்திருக்கும். கரைத்த பின், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வர வேண்டும், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு.

அப்படியானால் கடல் தண்ணீரையே கேனில் பிடித்து வந்தால் என்ன? வடக்கே எண்ணூர் முகத்துவாரம், நடுவில் கூவம், தெற்கே அடையாறு. இவற்றுக்கு நடுவே எங்கே போய்ப் பிடிப்பது? எண்ணூர் பக்கம் 2017 ஜனவரியில் ஒருமுறையும் 2023 டிசம்பரில் ஒருமுறையும் எண்ணெய் கொட்டியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆற்று நீர் கலந்து கரையோரத்தில் உப்பும் குறைந்துவிடும்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பலரும் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஃபேன் வைத்த என் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் காணாமல் போகும். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலும் கரன்ட் கட்டும்

கடல் தொட்டிக்கு 25, 26 டிகிரி நல்லது. மே மாதத்தில் நம் வீட்டு ஹாலே 33 டிகிரி. பம்ப், லைட் சூடும் சேர்ந்தால் தண்ணீர் அதற்கும் மேலே போகும். சூடு கூடினால் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். மேலே ஒரு ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் ஆவியாதல் மந்தம், அதனால் ஃபேனை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வேண்டும். தொட்டி வாங்கும்போதே அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கவில்லை என்றால் தொட்டியே வேண்டாம் என்பது என் கட்சி. சில்லர் வாங்கியவர்களும் அழகுக்காக அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே தள்ள வேண்டிய சூட்டை அது தன் தலையிலேயே கொட்டிக்கொள்ளும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. மின்சாரம் போனால் மீனுக்கு முதலில் முட்டுவது மூச்சு. இரண்டு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று சில நூறு ரூபாய்தான். அதை வாங்கி வைக்காதவர்கள் புயல் ராத்திரியில் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன்.

மீன் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. நீலமும் மஞ்சளுமாக மின்னும் சர்ஜன் மீன் ஓர் அடி வரை வளரும், சின்னத் தொட்டியில் அதை அடைக்காதீர்கள். மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள பூச்சிகளைத்தான் பெரும்பாலும் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். கோமாளி மீன் வாங்கினால் கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இவற்றைக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டித் தீனிக்குப் பழகியிருக்கும்.

இனி சட்டம். பவளமும் கடற்குதிரையும் 2001-லேயே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நம் கடலில் எடுத்த பவளத்தை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். "அது செத்த கல்லுதான் சார்" என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள். செத்ததும் குற்றம்தான். தொட்டிக்குக் கல் வேண்டுமென்றால் செயற்கைக் கல் கிடைக்கிறது, பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

தண்ணீருக்குள் நாம் போகும்போது

டைவிங்கிலும் அதே பைக் பின்சீட்டுதான். முதலில் கேமரா வாங்குவார்கள், அப்புறம் ஃப்ளைட் டிக்கெட், கடைசியில் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதய நோய், காது ஆபரேஷன் என்று அந்தப் படிவம் கேட்கும் எதற்காவது "ஆம்" என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது. படகில் ஏறும் நேரத்தில் பணம் வீணாகுமே என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" என டிக் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். காது அடைத்துக்கொள்ளும்.

காது வலித்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவது தாமதம். வலிக்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மெதுவாக ஊத வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் மூச்சை ஒருபோதும் பிடித்து வைக்காதே என்பது முதல் பாடம். நீச்சல் குளத்தில் தம் கட்டிப் பழகிய நமக்கு இந்தப் பழக்கம் விடாது. பயம் வந்தால் உடனே தம் கட்டுவோம். குளத்திலேயே பத்து முறை பழகிவிட்டுக் கடலுக்குப் போகலாம்.

முதுகில் தொங்குவது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்ஸிஜனோடு ஆழத்துக்குப் போனால் வலிப்பு வரலாம்.

சென்னைக் கடலில் டைவ் செய்யலாமா? ஈ.சி.ஆர். பக்கம் செய்கிறார்கள். ஆனால் இங்கே வண்ணப் பவளக் காடு எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணலும் பாறையும்தான் இங்கே தரை. பாறையை ஒட்டி மீன் கூட்டம், இடுக்கில் கிழிந்த வலை. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டு வரும் கலங்கலில் நீட்டிய கை தெரியாது. தை, மாசிக்குப் பிறகு தெளியும் என்றாலும் காலண்டரை விட அன்றைய காற்றுதான் கணக்கு. குப்பத்து அண்ணன்கள் கரையில் நின்று "இன்னிக்கு கலக்கல், வாணாம்" என்றால் முன்பணம் போனாலும் திரும்பிவிடுங்கள். பவளம் பார்க்க மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான்.

அந்தமான் என்றதும் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு பயணத் திட்டத்தில் இருக்கிறது. கடைசி நாள் மதியம் டைவ், மறுநாள் காலை சென்னை விமானம். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையை விடக் குறைவு, மிச்ச நைட்ரஜன் குமிழாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். பல நாள் டைவ் செய்துவிட்டு மதியம் 2 மணிக்கு மேலே வந்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு முன்னால் பறக்கக் கூடாது. மலைக்கும் இதே எச்சரிக்கைதான். காலையில் புதுச்சேரியில் டைவ், சாயங்காலம் ஏற்காடு என்று பிளான் போட்ட ஒரு நண்பர் குடும்பத்தைத் தடுத்து நிறுத்தினேன். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்.

அடியில் இருக்கும்போது எதையும் தொடாதீர்கள். சிங்கமீன் முள்ளில் விஷம், நெருப்புப் பவளம் பட்டால் எரியும். நீங்கள் ஏறி நின்ற பவளத்துக்கும் அன்றோடு கதை முடியலாம். கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலில் மாட்டிய துடுப்பால் பின்னால் என்னத்தை உடைக்கிறோம் என்று தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதக்கக் கைவரும் வரைக்கும் கேமரா படகிலேயே இருக்கட்டும்.

போர்ட் பிளேர் விமான நிலையத்தில், ஸ்கேனர் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மாம்பலத்துக் குடும்பம். பையைத் திறக்கச் சொன்னார்கள். முறுக்கு டப்பாவுக்குள் டிஷ்யூ சுற்றி வெள்ளையாக, விரல் நீளத்துக்கு ஆறேழு பவளத் துண்டுகள். மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார் அந்த அம்மா.

"கரையில கிடந்துச்சு சார். செத்ததுதானே?"