மாஜோங் தாளில் மொரீசியஸ்

பள்ளியில் ‘ஒரு தீவு நாடு’ என்று ஃபோலியோ, அதாவது செய்து கொடுக்கும் பாடத் தொகுப்பு, கேட்டால் பிள்ளைகள் மாலத்தீவுக்குத்தான் ஓடுவார்கள். மொரீசியஸை எடுக்கச் சொல்லுங்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூசன் வரும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது பாதி தெரிந்த கதை.

முதலில் வரைபடம். மாஜோங் தாளை, அதுதான் அந்தப் பெரிய வெள்ளைத் தாளை, அகலவாட்டில் விரித்து, இடது ஓரம் ஆப்பிரிக்கா, அதை ஒட்டி மடகாஸ்கர், அதற்குக் கிழக்கே ஒரு புள்ளி. வலது ஓரம் நம் தீபகற்பம். புள்ளியைப் பெரிசாகப் போடக் கை அரிக்கும், விடாதீர்கள். நாடே 2,000 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். நம் பேராக்குக்குள் பத்து மொரீசியஸ் அடங்கும்.

தலைநகர் போர்ட் லூயிஸ், எரிமலை மண், சுற்றிலும் பவளப்பாறை: இதற்கு ஒரு மூலை போதும். டோடோ பறவைக்கும் அவ்வளவே. படம் அழகாக வருகிறதென்று விட்டால் அதுவே பாதித் தாளைத் தின்றுவிடும்.

நடு இடம் கரும்புக்கு. ஆதிக்குடிகள் என்று யாரும் இல்லாத தீவு. எல்லாரும் கப்பலில் வந்தவர்கள்தாம். 1598இல் டச்சுக்காரர், 1715இல் பிரெஞ்சுக்காரர், 1810இல் ஆங்கிலேயத் துரை. இதை ஒரே வரியில் முடியுங்கள். 1834இல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டும் ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட என்று பிள்ளையையே கேளுங்கள். விடையை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்தக் கூலிகள் வந்து இறங்கிய ‘அப்ரவாசி காட்’ என்ற இறங்குதுறையின் கல் படிக்கட்டை வரையட்டும். பக்கத்திலேயே ஒரு கட்டம்: நம் வீட்டில் முதலில் கப்பலேறியவர் யார், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும்.

பிறகு மொரீசியஸ் ரூபாய் நோட்டு. படத்தைப் பெரிதாக அச்செடுங்கள். அதில் எழுத்து ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி. 1998இல் இந்தியை முன்னால் போட்டு நோட்டு வந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். 100 ரூபாயில் இருக்கும் முகம் அந்நாட்டுத் தமிழ் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன்.

அதற்காக ‘அங்கே எல்லாரும் தமிழ் பேசுவார்கள்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். தமிழர் வீட்டிலும் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆனால் தைப்பூசத்துக்கு நாடு முழுக்கப் பொதுவிடுமுறை. நமக்கு இன்னும் சில மாநிலங்களில்தான்!

கடைசியில் கொடி. மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. கீழே ‘சுதந்திரம் 12 மார்ச் 1968’. கம் காய்வதற்குள் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.