புது வருஷத்தில் எந்தப் பக்கம் போவது? நான்கு மாலைகளும் ஒரு நோட்டும்

டிசம்பர் கடைசியில் புது டைரி வாங்கியதும் முதல் பக்கத்தில் தீர்மானங்கள் எழுதுவோம். எடை குறைக்க வேண்டும், ஐந்து மணிக்கு எழ வேண்டும், இங்கிலீஷ் சரளமாகப் பேச வேண்டும். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு தீர்வதற்குள் அதில் பாதி மறந்துபோகும். இதற்கு நம் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. அடுத்த வீட்டையும் அடுத்தவர் ஸ்டேட்டஸையும் பார்த்து எழுதிய பட்டியல் எத்தனை நாள் நம்மை இழுத்துக்கொண்டு போகும்? கடந்த வருஷத்தை நாம் எப்படிக் கழித்தோம் என்று முதலில் உட்கார்ந்து பார்த்தால், அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

நான் சில வருஷங்களாகச் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். இதுவரை டைரியே எழுதாதவர்களும் செய்யலாம். ஜனவரி 1-க்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் மார்கழியில் ஆரம்பித்துப் போகிக்கு முன்னால் முடிப்பேன். சித்திரையில் புத்தாண்டு கொண்டாடுபவர்கள் பங்குனி கடைசியில் உட்காரலாம்.

தேவையானவை: 80 பக்க நோட்டு ஒன்று, பேனா, உங்கள் போன், பேங்க் ஸ்டேட்மென்ட் அல்லது பாஸ்புக், சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர். அப்புறம் நான்கு மாலைகள், ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் கூப்பிடாத முக்கால் மணி நேரம் தானாகக் கிடைக்காது.

முதல் மாலை: வருஷத்தை எடுத்து வைப்பது

நோட்டில் மாசத்துக்கு ஒரு பக்கம் என்று பன்னிரண்டு பக்கங்களுக்குத் தலைப்பு போடுங்கள். நினைவை மட்டும் நம்பி எழுத ஆரம்பிக்க வேண்டாம். நினைவில் கடைசி இரண்டு மாசம்தான் பெரிதாகத் தெரியும். பிப்ரவரியும் மார்ச்சும் காணாமலே போய்விடும். அதனால்தான் காகிதத்தையும் போனையும் கேட்கிறோம்.

போன் கேலரியைத் திறந்து ஜனவரிக்குப் போங்கள். ஒவ்வொரு மாசத்திலும் எதைப் படம் எடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது பணம். ஜிபேயோ போன்பேவோ, ஹிஸ்டரியை மாசம் மாசமாகத் தள்ளிப் பாருங்கள். மளிகை, வாடகை, கரன்ட் பில் எல்லாருக்கும் உண்டு, அதை விட்டுவிடலாம். கட்டாயம் இல்லாமல் எதற்குச் செலவு செய்தோம் என்பதுதான் முக்கியம். மூன்றாவது காலண்டர். எங்கள் வீட்டில் பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கேஸ் புக் பண்ணிய தேதி, யார் வீட்டு வளைகாப்பு, எந்த நாள் ஜுரம் என எல்லாம் அந்தக் காலண்டர் கட்டத்துக்குள்தான் இருக்கும். நான் பார்த்த வரையில் ஒரு குடும்பத்தின் மிக நேர்மையான டைரி அதுதான்.

2023-ஐ இப்படி எடுத்து வைத்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த வருஷம் போட்டோஷாப் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் எழுதி, ஆன்லைன் வகுப்புக்குப் பணமும் கட்டியிருந்தேன். பார்த்தது இரண்டு பாடம். ஆனால் கேலரியில் ஜூன் மாசத்திலிருந்து ஒரே மாதிரிப் படங்கள் நிறைய இருந்தன. கோடு போட்ட நோட்டில் பென்சிலால் போட்ட கணக்குகள். கீழ் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் சந்தேகம் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியவையும், நான் தாளில் போட்டுத் திருப்பி அனுப்பியவையும். ஒரு படத்தின் நேரம் இரவு 11:20. மறுநாள் எனக்கு வேலை இருந்தது. ஆனாலும் அன்று அலுப்பாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

முதல் நாளே எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பன்னிரண்டு பக்கமும் நிரம்பியதும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் மாலை: இரண்டே குறிகள்

நேற்று எழுதியதை மேலிருந்து கீழே படியுங்கள். எந்த வேலையைச் செய்து முடித்ததும் உடம்பில் தெம்பு கூடியதோ, அதன் பக்கத்தில் கூட்டல் குறி. எது ஆளை உறிஞ்சியதோ, அதற்குக் கழித்தல் குறி. இரண்டும் இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். ஊர் மெச்சிய விஷயத்துக்குக் கை தானாகக் கூட்டல் குறி போடப் பார்க்கும். பதவி உயர்வுக்குக் கழித்தல் விழுவதும், மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்ததற்குக் கூட்டல் விழுவதும் நடக்கக்கூடியதுதான். விழுந்தால் விழட்டும். இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

கழித்தல் விழுந்த இடத்தில் "ஏன் நான் இப்படி இருக்கிறேன்?" என்று கேட்க ஆரம்பித்தால் மனசு புலம்பலில் இறங்கிவிடும். "அன்றைக்கு என்ன நடந்தது? அதில் என் கையில் இருந்தது என்ன?" என்று கேளுங்கள். இதற்கு எழுதக்கூடிய பதில் கிடைக்கும்.

மூன்றாம் மாலை: ஒரே ஒரு ஆள், மூன்று கேள்விகள்

நான்கு மாலைகளில் இதுதான் கனமானது. அவசரப்பட வேண்டாம்.

ஜப்பானில் நைகன் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உள்ளே பார்ப்பது என்று பொருள். யோஷிமோட்டோ இஷின் என்பவர் 1940-களில், ஒரு பௌத்தப் பிரிவினரின் கடுமையான தவமுறையை எளிதாக்கி இதை உருவாக்கினார். பிற்பாடு அங்குள்ள சிறைகளிலும் பயன்படுத்தினார்கள். முழுப் பயிற்சி என்றால் ஒரு வாரம், அறையின் மூலையில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து இரவு வரை யோசிக்க வேண்டும். வழக்கமாக அம்மாவிலிருந்து ஆரம்பிப்பார்கள். கேள்விகள் மூன்றுதான்:

இவரிடமிருந்து நான் பெற்றது என்ன?
இவருக்கு நான் கொடுத்தது என்ன?
இவருக்கு நான் தந்த தொல்லை என்ன?

இவர் எனக்குத் தந்த தொல்லை என்ன என்று நான்காவது கேள்வி கிடையாது. அந்தக் கணக்கு நம்மிடம் ஏற்கெனவே பக்காவாக இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள்.

நாம் ஒருவரை மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். அவர் ஊரில் தனியாக இருக்கிறார். போனின் கால் லிஸ்டில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன். தினமும் இரவு எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் அழைப்பு. பெரும்பாலானவை ஒரு நிமிஷம்கூட இல்லை. "சாப்பிட்டியா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். பெற்றது என்ற தலைப்பில் இதை எழுதினேன். கொடுத்தது என்ற தலைப்பில் மூக்குக்கண்ணாடி, மருந்துச் செலவு, தீபாவளி வேட்டி. தொல்லை என்ற தலைப்புக்கு வந்ததும் மறுபடி லிஸ்டைப் பார்த்தேன். ஒரே மாசத்தில் மட்டும் ஐந்து தடவை அவர் போனைக் கட் பண்ணி, "அப்புறம் பேசறேன்" என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். அந்த ஐந்து நாளில் ஒரு நாள்கூட நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அப்பாவுக்கு மெசேஜ் திறந்து படிக்கத் தெரியாது. போன் பாதியில் நின்றதும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

குறித்துக்கொள்ளுங்கள்: விஷயம் இவ்வளவு சின்னதாக, தேதியோடு இருக்க வேண்டும். "அப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சும், செய்வதற்கு எதுவும் அகப்படாது. "ஐந்து தடவை கட் பண்ணினேன்" என்று எழுதினால் நாளைக்கே திருத்திக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்களைக் கொடுமைப்படுத்திய ஆளை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். வருஷத்தில் ஒரு மரணமோ பெரிய அடியோ இருந்து, எழுத எழுத மூச்சு முட்டினால், நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நான்காம் மாலை: ஒரு வாக்கியம்

கூட்டல் குறிகளை மட்டும் ஒரு பக்கத்தில் எடுத்து எழுதுங்கள். இரண்டு மூன்று தடவை திரும்பி வருவது எது என்று பாருங்கள். அதோடு மூன்றாம் மாலையில் கிடைத்ததையும் வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் நான் அதிகமாகச்..." என்று தொடங்கி ஒரே வாக்கியம் எழுதுங்கள். அது ஒரு செயலில் முடிய வேண்டும். "ஆரோக்கியம்", "நிம்மதி" என்று எழுதினால் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாது. என் வாக்கியம் இது: "இந்த வருஷம் நான் அதிகமாகச் சொல்லிக்கொடுப்பேன், போனை எடுத்துப் பேசுவேன்." போட்டோஷாப் வகுப்பை மனசார விட்டுவிட்டேன். விடுவதையும் எழுதி வைப்பது நல்லது. இல்லையென்றால் அது வருஷம் முழுக்கப் பின்னாலேயே வரும்.

வாக்கியம் கிடைத்ததும் அதை ஒரு நாளோடும் நேரத்தோடும் கட்டிவிட வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். "இதைச் செய்யப்போகிறேன்" என்று மட்டும் நினைப்பதைவிட, "இன்ன நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று முடிவு செய்துகொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். நேரம் என்றால் கடிகாரம்தான் வேண்டும் என்பதில்லை. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டாலே போதும். நான் எழுதியவை:

சனிக்கிழமை சாயங்காலம் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், கூடத்தில் போர்டை எடுத்து வைப்பேன்.
இரவு சமையல் முடிந்து அடுப்பை அணைத்ததும், அப்பா கூப்பிடும் முன்னால் நானே கூப்பிடுவேன்.

இரண்டுக்கு மேல் வேண்டாம்.

வருஷம் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது

நோட்டை அலமாரியில் வைத்தால் அடுத்த மார்கழி வரை அது வெளியே வராது. மாசாமாசம் பார்க்கிறேன் என்று நினைத்து நான் பல தடவை விட்டிருக்கிறேன். இப்போது ஈ.பி. ரீடிங் எடுக்க வரும் நாளை வைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டருக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு, ஆக வருஷத்துக்கு ஆறு முறை. நாம் மறந்தாலும் அவர்கள் வந்துவிடுவார்கள். அன்று ராத்திரி பத்து நிமிஷம் போதும்: வாக்கியத்தைப் படிக்க வேண்டும், கால் லிஸ்டையும் கேலரியையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். வாக்கியம் பொருந்தாமல் போயிருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

முதல் ரீடிங் அன்றைக்கு நான் எழுதிய இரண்டு வரி: "சனிக்கிழமை ஆறு நடந்தது, இரண்டு விட்டுப்போனது. அப்பா இப்போது ஏழு நிமிஷம் பேசுகிறார், மாமரம் பூத்ததைப் பற்றி."