எடை கூடின ஆளோடு மோதுவது எப்படி?

பொங்கலை ஒட்டி டெல்டாவில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். மைக்கில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் நாலு பேர் இதைத்தான் பேசிக்கொண்டு நிற்பார்கள்: வித்தை பெரிதா, உடம்பு பெரிதா? ஜூடோ, பாக்ஸிங், குஸ்தி என்று கற்றுக்கொள்ள வரும் ஒல்லிப் பையன்களும் பெண்பிள்ளைகளும் முதல் வாரமே கேட்பதும் இதுதான். "அண்ணே, டெக்னிக் சுத்தமா இருந்தா எவ்வளவு பெரிய ஆளையும் சாய்ச்சிரலாமா?"

சாய்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கும் வித்தை சமம் என்றால் பெரும்பாலும் எடை கூடினவன்தான் ஜெயிப்பான். எடையில் இருக்கிற இடைவெளியைவிட வித்தையில் இருக்கிற இடைவெளி பெரிதாக இருந்தால்தான் ஒல்லியானவன் பக்கம் ஆட்டம் திரும்பும். சர்வதேச அளவில் ஜூடோ, குஸ்தி, பாக்ஸிங் எல்லாவற்றிலும் எடைப்பிரிவு வைத்திருப்பதும், நம் ஊர் கபடி போஸ்டரில் '55 கிலோ', '65 கிலோ' என்று கொட்டை எழுத்தில் போடுவதும் இதனால்தான். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை: உங்கள் வித்தை இடைவெளியைப் பெரிதாக்குவது, எடை இடைவெளியைக் கொஞ்சமாவது சுருக்குவது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

வித்தை மட்டும் போதும் என்பவர்கள் ராய்ஸ் கிரேசியைக் காட்டுவார்கள். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் பல வகைச் சண்டைக்காரர்களும் கலந்து மோதும் யுஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தபோது எடைப்பிரிவே கிடையாது, சுமார் 80 கிலோ இருந்த இந்தப் பிரேசில்காரர் ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்துப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் சுமார் 118 கிலோ எடையுள்ள குஸ்தி வீரர் டான் செவர்ன் அவரைக் கிட்டத்தட்ட 16 நிமிஷம் தரையில் போட்டு அமுக்கிக்கொண்டே இருந்தார், கடைசியில் கீழே கிடந்த ராய்ஸ்தான் இரண்டு காலாலும் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அந்தக் காலத்தில் அவர் எதிரே வந்தவர்களில் பலருக்குத் தரையில் கிடந்து சண்டை போடவும் தெரியாது, கழுத்துப் பூட்டிலிருந்து கழன்று வரவும் தெரியாது. நேரக் கெடுவும் இல்லை. 1995 ஏப்ரலில் கெடு வைத்தார்கள், கென் ஷாம்ராக் என்ற வீரருடன் ராய்ஸ் 36 நிமிஷம் மோதியும் டிராதான். 1997-ல் யுஎஃப்சியே எடைப்பிரிவைக் கொண்டுவந்தது. 2006-ல் யுஎஃப்சி சாம்பியன் மேட் ஹியூஸ் முதல் ரவுண்டிலேயே ராய்ஸை முடித்துவிட்டார். ராய்ஸுக்கு அப்போது வயது 39, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்குள் அவருடைய வித்தை எல்லாருக்கும் பாடமாகியிருந்தது, இடைவெளி மூடிவிட்டது.

ஜப்பானில் இன்னொரு உதாரணம் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அகில ஜப்பான் ஜூடோ சாம்பியன்ஷிப்பில் எடைப்பிரிவு கிடையாது. 1990-ல் சுமார் 75 கிலோ எடையுள்ள தோஷிஹிகோ கோகா தன்னைவிடக் கனமான ஆட்களைத் தாண்டி இறுதிப்போட்டி வரைக்கும் வந்தார். அங்கே சுமார் 130 கிலோ எடையுள்ள நவோயா ஒகாவாவிடம் தோற்றார். உலகத்தரமான வித்தை அவரைக் கடைசிப் படி வரை கொண்டுபோனது, அந்தக் கடைசிப் படியில் நின்றவரும் உலகத்தரமான வித்தைக்காரர், கூடவே 55 கிலோ அதிகம்.

சரி, எடை கூடின ஆளுக்கு எதில் லாபம், எதில் நஷ்டம்? தள்ளுவது, மேலே படுத்து அமுக்குவது, ஒரே அடியில் ஆட்டத்தை முடிப்பது, உயரமும் சேர்ந்திருந்தால் எட்டி அடிப்பது, இதெல்லாம் அவன் சொத்து. ஆனால் உடம்பு பெரிதாகும் வேகத்துக்குப் பலம் பெரிதாகாது. 1988 சியோல் ஒலிம்பிக் பளுதூக்குதலில் 60 கிலோ பிரிவில் நயிம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதிக எடைப் பிரிவில் லாஷா தலாகாட்சே தூக்கிய உலக சாதனை 267 கிலோ, ஆனால் அவருடைய எடை 170 கிலோவுக்கும் மேல். மொத்தப் பலத்தில் பெரியவர் ஜெயிக்கிறார், தன் உடம்பைத் தானே தூக்கிச் சுழற்றும் பலத்தில் சின்னவர் ஜெயிக்கிறார். உட்கார்ந்து எழுவது, திரும்புவது, விழுந்ததும் எழுவது, இதையே ஐம்பது தடவை செய்வது எல்லாம் உங்கள் பக்கம். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் அடிக்கிற புழுக்கத்தில், காற்றில்லாத ஹாலில், மூன்றாவது ரவுண்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எந்த ஆட்டத்தில் இறங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சிலம்பத்தில் கம்பு வேகமும் காலடியும்தான் பேசும், உடம்பு எடை ரொம்பப் பின்னால்தான் வரும், அதனால் மெலிந்த பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். கபடியில் ஏழு பேர் சேர்ந்து பிடிப்பதால் கார்னரில், அதாவது பிடிக்கும் வரிசையின் ஓரத்தில், நிற்பவன் 58 கிலோவாக இருந்தாலும் காலை மட்டும் சுத்தமாகப் பிடித்துவிட்டால் மற்றதைக் கவர், அதாவது உள்பக்கம் நிற்கும் ஆட்கள், பார்த்துக்கொள்வார்கள். ஜூடோவில் உயரக் குறைவே உதவி செய்கிற பிடிகள் இருக்கின்றன. பாக்ஸிங்கில் எடை வித்தியாசம் நேராகத் தலையில் இறங்கும், அங்கே விளையாட்டுத்தனம் வேண்டாம். குஸ்தியில் எடைக்குத்தான் மவுசு, ஒரே அளவு பயிற்சி உள்ள பத்துக் கிலோ கூடின ஆளிடம் போட்டியில் மோதச் சொல்லி யாராவது உசுப்பேற்றினால் கேட்காதீர்கள்.

இனி பயிற்சி. முதலில் கால். கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் வெறுங்காலோடு பக்கவாட்டில் ஓடுங்கள், ஒவ்வொரு விசிலுக்கும் திசை மாற்றுங்கள். நேராகப் பின்வாங்குவது பெரிய ஆளுக்குக் கொடுக்கிற பரிசு, அவன் எடை முழுக்க உங்கள் மேல் வரும். பக்கவாட்டில் ஒரு அடி விலகினால் அதே எடை அவனையே இழுத்துக்கொண்டு போகும். 2024 டிசம்பரில் பாக்ஸிங்கில் டைசன் ஃப்யூரியோடு மோதியபோது ஒலெக்சாண்டர் உசிக் எடையில் சுமார் 25 கிலோ குறைவு, உயரமும் கை நீளமும்கூடக் குறைவு. இரண்டாவது முறையாகவும் புள்ளியில் ஜெயித்தார். அந்தச் சண்டையைச் சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் காலை மட்டும் பாருங்கள். ஆனால் ஒன்று, உசிக் பொடியன் இல்லை, அவரே 100 கிலோவுக்கு மேல், 2012 ஒலிம்பிக் தங்கம் வேறு. ஃப்யூரியைப் போன்ற ஆளிடம் இடைவெளியை மூட அந்த அளவு வித்தை தேவைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிலைகுலைப்பது. ஜப்பான்காரர்கள் குசுஷி என்பார்கள். இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒல்லியானவர்கள் தோற்கிற இடம் இதுதான்: ஆள் நிமிர்ந்து உறுதியாக நிற்கும்போதே தூக்கப் பார்ப்பார்கள். எண்பது கிலோ ஆள் இரண்டு காலிலும் ஊன்றி நின்றால் உங்களால் அசைக்க முடியாது, அசைக்கவும் முயல வேண்டாம். இடது கையால் அவன் வலது சட்டைக் கையை முழங்கை அருகே பிடியுங்கள், வலது கையால் காலரை. அவன் தள்ளுவான், பெரிய ஆள் எப்போதும் தள்ளுவான். எதிர்த்துத் தள்ளாமல் ஒரு அடி பின்னால் போங்கள். நிலை தவறாமல் இருக்க அவன் வலது காலை முன்னால் வைத்தாக வேண்டும். அந்தப் பாதம் தரையைத் தொட்டு எடை இறங்குகிற அந்தக் கணம்தான் உங்களுடையது. சட்டைக் கையை உங்கள் கண் மட்டத்துக்கு மேலே இழுங்கள், குதிகால் கிளம்பி அவன் விரல்நுனிக்கு வந்துவிடுவான். அதே மூச்சில் முதுகைக் காட்டித் திரும்பி, முட்டியை மடக்கி, உங்கள் இடுப்பு அவன் பெல்ட்டுக்குக் கீழே வரும்படி உள்ளே நுழையுங்கள், வலது முழங்கையை அவன் அக்குளுக்கு அடியில் செருகுங்கள். இப்போது முட்டியை நிமிர்த்தினாலே போதும், கையால் தூக்க வேண்டியதில்லை. இதுதான் செயோய் நாகே, ஆளை முதுகில் ஏற்றித் தோள்வழியே எறிவது, கோகாவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பிடி. குள்ளமான ஆளுக்கு இடுப்பைக் கீழே கொண்டுபோக அதிகம் குனிய வேண்டாம் என்பதால் இயல்பாகவே வரும். எறிவதை விட்டுவிட்டு இழுத்துத் திரும்பி உள்ளே நுழைவதை மட்டும் தினமும் நூறு தடவை செய்யுங்கள், பலருக்கும் இழுக்காமல் திரும்புகிற பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும், அதை வாத்தியார் பார்த்துத் திருத்த வேண்டும்.

கபடி கார்னருக்கும் இதே பாடம்தான், ஆள் ஊன்றி நிற்கும்போது பிடிக்காதீர்கள். பாடி வருகிறவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். போனஸ் புள்ளிக்காகக் கோட்டைத் தாண்ட ஒரு காலை நீட்டும்போது அவன் உடம்பு முழுக்க மற்றக் காலில் இருக்கும். நீட்டின காலின் கணுக்காலை இரண்டு கையாலும் பூட்டி உங்கள் நெஞ்சோடு சேர்த்து இழுங்கள். தலை அவன் முட்டிக்கு நேராக இருக்கக் கூடாது, வெளிப்பக்கம் இருக்க வேண்டும். முகத்தில் முட்டி வாங்கிப் பல்லை இழந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில்தான் தவறினார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடிப் பழகியவர்கள் மேட் விரித்த ஆடுகளத்தில் ஆடப் போகும்போது கவனம்: வயலில் சறுக்கும் கால் அந்த விரிப்பில் சறுக்காது, பாடி வருகிறவன் திரும்பும் வேகம் கூடும், அரை அடி நெருக்கமாக நில்லுங்கள்.

பெரிய ஆளோடு பயிற்சிச் சண்டை கட்டாயம் வேண்டும், ஆனால் தினமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வாத்தியார் கண் முன்னால், பெரியவன் பாதி வேகத்தில். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எடையை மட்டும் போடுங்க, வேகத்தைப் போடாதீங்க." மேலே படுத்து அமுக்கும்போது மூச்சுத் திணறாமல் தப்பிக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம், ஜெயிப்பது இல்லை. கழுத்துப் பூட்டு விழுந்தால் உடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட வேண்டும், சரியாக விழுந்த பூட்டில் சில நொடிகளில் நினைவு போய்விடும். பெண்பிள்ளைகள் ஆண்களோடு பயிற்சி செய்யும்போது எடை சமம் என்பதை நம்ப வேண்டாம், ஒரே எடையில் ஆணுக்கு மேலுடம்புப் பலம் கூடுதல். தங்களைவிடச் சில கிலோ குறைந்த பையனோடு தொடங்குவது நல்லது.

பலத்தை அலட்சியம் செய்கிற டெக்னிக் பைத்தியமும் இருக்கிறது, அதுவும் தப்பு. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்கிப் போடுகிற சுமைதூக்கும் தோழர் ஒருவர் பயிற்சிக்கு வந்தால், ஆறு மாதம் கற்ற ஒல்லிப் பையன் அவர் பிடியை அவிழ்க்கவே திணறுவான். நீங்களும் மூட்டையைத் தூக்குங்கள், கயிறு ஏறுங்கள், புல்அப்ஸ் எடுங்கள், கழுத்தைத் தனியாகப் பலப்படுத்துங்கள். ஒரு கிலோ எடைக்குத் தினம் 1.6 கிராம் வரை புரதம் போனால் போதும், பவுடர் டப்பா கட்டாயமில்லை. இந்தப் பக்கம் கிடைக்கிற விராலும் முட்டையும் நிலக்கடலையும் உளுந்தும் சேர்ந்தாலே கணக்கு நிறைந்துவிடும். மூன்று வேளையும் சோறு மட்டும் தின்றுவிட்டு 'உடம்பு ஏறலையே' என்றால் ஏறாது.

கீழ் எடைப்பிரிவில் ஆடினால் ஜெயித்துவிடலாம் என்று போட்டிக்கு முந்தின இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிற பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 1997-ல் அமெரிக்காவில் இப்படி எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி குஸ்தி வீரர்கள் இறந்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெறும் 100 கிராம் கூடியதால் வினேஷ் போகாட் இறுதிப்போட்டியே ஆட முடியாமல் போனது, அத்தனை டாக்டர்களும் பயிற்சியாளர்களும் கூட இருந்தும். நம் வெயிலில், பக்கத்தில் டாக்டர் இல்லாத ஊர் மைதானத்தில், பதினாறு வயதுப் பையன் இதைச் செய்வதை எந்த வாத்தியாரும் அனுமதிக்கக் கூடாது. ஒன்றிரண்டு கிலோ குறைக்க வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னாலேயே சாப்பாட்டில் தொடங்குங்கள், முடியவில்லையா, மேல் பிரிவில் ஆடுங்கள்.

உடம்பு பெரிதாக இருக்கிற தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி அளவில் தள்ளியே ஜெயித்துவிடுவதால் நீங்கள் கால் வேலையைக் கற்றுக்கொள்வதே இல்லை. சீனியர் ஆண்கள் கபடியில் எடை வரம்பே 85 கிலோதான், அங்கே போனால் எல்லாரும் உங்கள் எடையில் நிற்பார்கள். எடை குறைந்தவர்களோடு ஆடும்போது தள்ளுவதில்லை என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொண்டு, காலடியாலும் பிடியாலும் மட்டும் ஜெயிக்கப் பாருங்கள்.

கடைசியாக, யாரோடு மோதலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு. 60 கிலோவைச் சுற்றியிருக்கும் ஆளுக்கு, ஐந்து கிலோ வித்தியாசம் நல்ல பயிற்சியில் மறைந்துவிடும். பத்துக் கிலோவுக்கு எதிராளியைவிட இரண்டு மூன்று வருஷமாவது கூடுதல் பயிற்சி வேண்டும். இருபது கிலோ என்றால் எதிரே நிற்பவன் புதிதாக வந்தவனாக இருந்தால் மட்டும் இறங்குங்கள், பாக்ஸிங்கில் அப்படியும் வேண்டாம். போட்டி நடத்துகிறவர்கள் எடைப்பிரிவை மீறி ஜோடி போட்டால், எடை பார்க்கிற மேஜையிலேயே, ஆட்டத்துக்கு முன்னாலேயே, உங்கள் வாத்தியாரை விட்டு ஆட்சேபம் சொல்லச் சொல்லுங்கள். உள்ளே இறங்கிவிட்ட பிறகு நடுவர் அதைக் கேட்கமாட்டார்.