சிரிக்க வைக்கும் ராப்பர் சறுக்கும் இடங்கள்

1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் பிஸி பீ, கூல் மோ டீ என்ற இரண்டு ராப்பர்கள் மேடையில் மோதியதை ஹிப்ஹாப் வெறியர்கள் இன்றும் பேசுகிறார்கள். பிஸி பீ கூட்டத்தை வளைத்துப் போடுவதில் கில்லாடி. கேலி, கிண்டல், 'எல்லாரும் கத்துங்க' என்ற கூப்பாடு என்று அரங்கத்தையே கைக்குள் வைத்துக்கொள்வார். அன்றும் அதைத்தான் செய்தார். பின்னால் வந்த கூல் மோ டீ, அவருடைய வரிகளில் சரக்கே இல்லை என்று ரைமுக்கு மேல் ரைம் போட்டுப் பிரித்து மேய்ந்துவிட்டார். அந்த ஒலிநாடா கைமாறிக் கைமாறிப் பரவியது.

இதை வைத்துக்கொண்டு ஹிப்ஹாப்புக்கும் சிரிப்புக்கும் ஆகாது என்று சொன்னால் தப்பு. 1979இல் ராப்பை வானொலிக்குக் கொண்டுபோன பாட்டிலேயே, நண்பன் வீட்டில் வாயில் வைக்க முடியாத சாப்பாட்டில் மாட்டிக்கொண்டவனின் புலம்பல் வருகிறது. ராப்புக்கென்று கிராமி விருது முதன்முதலில் 1989இல் கொடுக்கப்பட்டபோது, அதை வாங்கியது டிஜே ஜாஸி ஜெஃப், வில் ஸ்மித் ஜோடி. பாட்டு, அப்பா அம்மாவைப் பற்றி ஒரு பையன் படிக்கும் புகார்ப் பட்டியல். ஆக, சிரிக்க வைப்பவருக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு. சிலர் அந்த இடத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஜோக்கை முட்டுக்கொடுக்க வைப்பது

மிகப் பரவலான தவறு இது. ரைம் சுமார், ஃப்ளோ (தாளத்தில் சொற்கள் ஓடுகிற விதம்) தடுமாறுகிறது, மூச்சு வாங்குகிறது, 'பரவாயில்லை, காமெடிதானே' என்று விட்டுவிடுவது. நிஜத்தில் காமெடி ராப்புக்குத்தான் கணக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 பீட் ஓடும் தாளத்தில் ஒரு பார், அதாவது நாலு பீட், மூன்று விநாடிகூட இல்லை. 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ், அதாவது பாட்டின் ஒரு பகுதி, சுமார் 43 விநாடியில் முடிந்துவிடும். மேடைக் காமெடியன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து ஒரு நொடி பொறுத்திருந்து பஞ்ச்லைனைப் போடலாம். ராப்பருக்காக பீட் காத்திருக்காது. பொறுக்க வேண்டிய அந்த ஒரு நொடியையும் எழுதும்போதே வரிக்குள் வைத்துவிட வேண்டும்.

ஒரு நாலு வரி பாருங்கள்:

வண்டி ஒண்ணு வாசல்ல, வெள்ளி போல மின்னுது
வீதி முழுக்க வேடிக்கை, விலை என்னன்னு எண்ணுது
கதவைத் திறந்து ஏறுறேன், காலரைத் தூக்கி, விஐபி
கண்ணாடியில பாத்துக் கேட்டாரு டிரைவர், 'சார், ஓடிபி?'

முதல் மூன்று வரியில் ஜோக்கே கிடையாது. எந்த ராப்பரும் அடிக்கிற அதே பந்தாதான். அதை முழு நம்பிக்கையோடு அடிக்க வேண்டும், குரலில் ஒரு கள்ளச் சிரிப்புகூட எட்டிப் பார்க்கக் கூடாது. 'வாடகைக் கார் புக் பண்ணினேன்' என்று முதல் வரியிலேயே ஆரம்பித்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதேபோல 'ஓடிபி' கடைசிச் சொல்லாக நிற்கிறது. வரியின் நடுவில் அதை வைத்தால், கூட்டம் சிரிக்கிற சத்தத்தில் மிச்ச வரி காணாமல் போகும். முந்தின வரியின் 'விஐபி' காதில் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது. 'ஓடிபி' வந்து அதில் விழுகிறது. வரிக்கு வரி மோனையும் ஓடுகிறது. இதனால்தான் இரண்டாவது முறை கேட்கும்போது, ஜோக் தெரிந்த பிறகும், காதுக்கு ஏதோ மிச்சமிருக்கிறது. பாட்டு என்பது திரும்பத் திரும்பக் கேட்கிற சமாச்சாரம். ஜோக்கை மட்டும் நம்பிய பாட்டை மூன்றாம் தடவை யாரும் போடுவதில்லை.

இன்னொன்று, பஞ்ச்லைனுக்குப் பிறகு அரை 'பார்' அளவாவது சும்மா விடுங்கள். அப்புறம் அந்த ஜோக்கை விளக்கி ஒரு வரி எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

பெரிய சங்கிலி, தொளதொளச் சட்டை, கையை ஆட்டி ஆட்டிப் பேச்சு, இரவல் உச்சரிப்பு. ஹிப்ஹாப்பையே கேலிப்பொருளாக்குகிற இந்த வேலை, ராப் கேட்காதவர்களிடம் கைதட்டு வாங்கித் தரும். ராப் கேட்பவர்களிடம் கதவைச் சாத்திவிடும். இந்தக் கலை கறுப்பின இளைஞர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. அவர்கள் பேச்சையும் நடையையும் வேஷமாகப் போட்டுக்கொண்டு 'சும்மா தமாஷ்' என்றால் கோபம் வரத்தான் செய்யும். கோபப்படுபவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று முடிவுகட்டுவது அதைவிட மோசம்.

சிரிப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் வேறு மாதிரி வேலை செய்கிறது. விளம்பர நிறுவன வேலையிலிருந்து ராப்புக்கு வந்த லில் டிக்கி, தன் சிக்கனத்தைப் பெருமையாகப் பேசும் பாட்டுக்கு, மாளிகை, படகு, சொகுசுக் கார் எல்லாவற்றையும் ஆட்களிடம் ஓசிக்குக் கேட்டே வீடியோ எடுத்தார். ராப் வீடியோக்களின் பகட்டு அதில் கிண்டலாகிறது, ஆனால் அசடு வழிவது அவர்தான். 2015இல் வந்த ஆல்பத்தில் ராப் ஜாம்பவான் ஸ்னூப் டாக் அவரை வேலைக்கு இன்டர்வியூ எடுக்கிறார். 'இவனுக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறவர்களின் கேள்வியைப் பாட்டே கேட்டுவிடுகிறது. அவருடைய எல்லா ஜோக்கும் இப்படிச் சரியாக விழுந்ததாகச் சொல்லமாட்டேன். இந்த இரண்டும் விழுந்தன.

காமெடிதானே என்று அடுத்தவர் இசையை எடுப்பது

பகடி என்றால் அனுமதி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல், 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், பகடி நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று சொன்னது உண்மைதான். ஆனால் பகடி மூலப் பாட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். பிரபலமான ட்யூனில் உங்கள் ஜோக்கைச் சும்மா ஏற்றி ஓட்டுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். சட்டம் வேறு, மரியாதை வேறு. 1996இல் பகடிப் பாடகர் வியர்ட் ஆல் யாங்கோவிக், ராப்பர் கூலியோவின் பாட்டைப் பகடி செய்தபோது அனுமதி விஷயத்தில் குழப்பமாகி மனக்கசப்பு வந்தது. அதற்குப் பிறகு யாங்கோவிக் மூலக் கலைஞரிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கினார்.

சாம்பிள் வழக்கில், அதாவது அடுத்தவர் பாட்டின் துண்டைத் தன் பாட்டில் சேர்த்ததற்கான வழக்கில், மாட்டி ஆல்பத்தையே கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டிவந்தவர் ராப்பர் பிஸ் மார்க்கி, 1991இல். அடுத்த ஆல்பத்துக்கு 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்ற பொருளில் பெயர் வைத்தார். அபஸ்வரமாகப் பாடிய ஒரு கோரஸால் 1990இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 9ஆம் இடம் வரை போன ஆசாமி இவர். அந்தக் கோரஸுக்காக யாரும் அவரைக் கோமாளி என்று ஒதுக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே ஜூஸ் க்ரூ என்ற ராப் கூட்டணியில் பீட்பாக்ஸ் செய்து, அதாவது வாயாலேயே தாளம் போட்டு, பெயர் வாங்கியிருந்தார்.

திடீரென்று முகத்தை இறுக்கிக்கொள்வது

ஒரு வருடம் ஜோக், அடுத்த வருடம் கறுப்பு வெள்ளை வீடியோ, மழை, சோகப் பியானோ. கேட்பவர்கள் இதுவும் ஜோக் என்றே காத்திருப்பார்கள். டி லா சோல் என்ற ராப் குழுவை 1989இல் 'பூப்போட்ட ஹிப்பிகள்' என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையை உடைப்பதுபோல 1991 ஆல்பத்தின் அட்டையில் டெய்சிப் பூந்தொட்டி உடைந்து கிடந்தது. ஆனால் உள்ளே கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. அதே ஆல்பத்தில், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடும் தகப்பனிடம் வதைபடும் ஒரு சிறுமியின் கதையும் இருக்கிறது. பண்டிகை வேடிக்கை போலிருக்கிற சூழலுக்குள் அந்தக் கொடுமை வருவதால்தான் கேட்பவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

காமெடி நடிகர் டொனால்ட் குளோவர், சைல்டிஷ் கம்பீனோ என்ற ராப் பெயரில் 2011இல் போட்ட ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 1.6 மதிப்பெண் கொடுத்தது. 2019இல் ஒரே பாட்டுக்கு நான்கு கிராமி. நடுவில் ஆல்பத்துக்கு ஆல்பம் ஒலி மாறிக்கொண்டே வந்தது, அவசரப்படவில்லை.

பாத்திரத்தைப் பிரித்து வைப்பதும் ஒரு வழி. டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் என்ற ராப் குழுவின் ஷாக் ஜி, பெரிய பிளாஸ்டிக் மூக்கை மாட்டிக்கொண்டு ஹம்ப்டி ஹம்ப் ஆகிவிடுவார். மூக்கைக் கழற்றினால் நிதானமான ராப்பர், இசையமைப்பாளர். இருவரும் வேறு வேறு ஆள் என்று நம்பியவர்கள் நிறைய. 

விமர்சனம் வந்தால்

ரைம் வீக்காக இருக்கிறது என்று யாராவது சொன்னால் 'அது ஜோக் ப்ரோ' என்று பதில் போடாதீர்கள். அடுத்த வாரமே அதே பாட்டை நல்ல ராப் என்று யாராவது பாராட்டினால், அப்போது உங்களால் நன்றி சொல்லவும் முடியாது.