கோடு இருந்தால் வழி இருக்குமா? மாதிரி இணையத்தில் வணிக உறவுகள்

வலையமைப்புகளைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையிலான இணைப்புகளைக் கோடுகளாகவும் வைத்து இணையத்தை வரைபடமாக வரைந்து, மிகக் குறுகிய பாதையைத் தேடச் சொன்னால் நிரல் நொடியில் விடை தந்துவிடும். அந்த விடையை நம்பாதீர்கள். எந்தக் கோட்டுக்கு யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார் என்பது அந்த வரைபடத்தில் இல்லை. அதைச் சேர்ப்போம்.

படி 1: உறவுகளை எழுதுங்கள்

நான்கு வலையமைப்புகள் போதும். வலையமைப்புகளை அடையாளம் காட்டும் எண்களில் 64496 முதல் 64511 வரையிலானவை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஓர் எளிய உரைக்கோப்பில் இப்படி எழுதுங்கள்:

64496|64497|0
64496|64498|-1
64497|64498|-1
64497|64499|-1

-1 என்றால் முதலில் இருப்பவர் வழங்குநர், அடுத்தவர் பணம் கட்டும் வாடிக்கையாளர். 0 என்றால் இருவரும் சமம், பணம் கைமாறுவதில்லை. கலிபோர்னியாவின் கெய்டா ஆய்வு மையம் உண்மை இணையத்துக்கு வெளியிடும் பட்டியலும் இதே வடிவம்தான். எனவே பின்னர் கோப்பை மாற்றினால் போதும். வழங்குநர் உறவுகள் வட்டமாகச் சுற்றி வரக்கூடாது. இதை மட்டும் சரிபாருங்கள்.

படி 2: இரண்டு விதிகள்

தேர்வு விதி: வாடிக்கையாளர் வழியே வரும் பாதைக்கு முதலிடம், சமமானவர் வழிக்கு அடுத்த இடம், வழங்குநர் வழிக்குக் கடைசி இடம். நீளத்தை அதற்குப் பிறகே பாருங்கள்.

அறிவிப்பு விதி: வலையமைப்புகள் தமக்குத் தெரிந்த பாதைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும். வாடிக்கையாளர் சொன்ன பாதையை எல்லோருக்கும் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னதை வாடிக்கையாளருக்கு மட்டுமே சொல்லலாம்.

படி 3: கணக்கிடும் வரிசை

சேருமிடம் 64499 என்று கொள்ளுங்கள். முதலில் வாடிக்கையாளரிடமிருந்து வழங்குநருக்கு மேலே ஏறுங்கள்: 64497-க்குப் பாதை கிடைக்கிறது. அடுத்து, சமமானவர் கோட்டில் ஒரே ஒரு தாவல்: 64496-க்குக் கிடைக்கிறது. கடைசியாக வழங்குநரிடமிருந்து கீழே இறங்குங்கள், குறைந்த நீளம் முதலில்: 64498 தன் இரு வழங்குநர்களில் 64497-ஐத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வலையமைப்புக்கு ஒருமுறை கிடைத்த பாதையைப் பிறகு மாற்றவே கூடாது. மூன்று கட்டங்களுக்குள்ளேயே இரு விதிகளும் அடங்கிவிடுகின்றன. எனக்கு இந்த முறை பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

படி 4: உடைத்துப் பாருங்கள்

கோப்பின் முதல் வரியை நீக்குங்கள். வரைபடத்தில் 64496-லிருந்து 64498, பிறகு 64497 வழியாக 64499-க்குக் கோடு இருக்கிறது. ஆனால் உங்கள் நிரல் "பாதை இல்லை" என்று சொல்ல வேண்டும். இரு வழங்குநர்களுக்கும் பணம் கட்டும் 64498, அவர்களுடைய போக்குவரத்தைத் தன் செலவில் ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது அந்த வரியைத் திரும்பச் சேர்த்து, 64498 மட்டும் அறிவிப்பு விதியை மீறுவதாக வைத்துத் தாளில் கணக்கிடுங்கள். 64497 சொன்ன பாதையை அது 64496-க்குச் சொல்கிறது. வாடிக்கையாளர் சொன்ன பாதை என்பதால், 64496 தன் இரண்டு கோட்டுப் பாதையை விட்டுவிட்டு மூன்று கோட்டுப் பாதைக்கு மாறிவிடுகிறது. 2015 ஜூன் 12 அன்று டெலிகாம் மலேசியா இப்படித்தான் ஏறத்தாழ 1,79,000 முகவரித் தொகுதிகளுக்கான பாதைகளை லெவல் 3 நிறுவனத்துக்கு அறிவித்தது. லெவல் 3 அவற்றை ஏற்றுப் பரப்பியதால் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது.