ரியோ டி ஜெனீரோவை ஜோடியாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

நானும் என் கணவரும் ரியோவுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே, கிறிஸ்து சிலைக்கு நாளும் நேரமும் குறித்து டிக்கெட் எடுத்துவிட்டோம். அந்த நாள் வந்தது. மலை மேல் போய் நின்றோம். சிலையின் பீடம் மட்டும் தெரிந்தது, அதற்கு மேல் ஒரே மேகம். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கி வந்தோம். மறுநாள் காலை ஓட்டல் ஜன்னலைத் திறந்தால், மலையும் சிலையும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று நிற்கின்றன. அன்றைக்கு எங்கள் திட்டத்தில் இருந்ததோ அருங்காட்சியகம்.

அதனால் இந்த விளக்கத்தில் நாள்வாரியான அட்டவணை எதுவும் தரப்போவதில்லை. பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். எதை எந்த நாளில் பார்ப்பது என்பதை அன்றைய வானத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இன்னொன்று, இருவர் போனால் ஒருவருக்கு மலை பிடிக்கும், மற்றவருக்கு மணலில் உட்காரத்தான் பிடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டே இடம், ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். ஐந்து நாளும் மனக்கசப்பு இல்லாமல் போனது.

படி 1: கிளம்புவதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரேசில் போக விசா வேண்டும். இது எல்லோருக்கும் நினைவிருக்கும். பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது அதற்கான சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒரு மையம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

எந்த மாதம் போவது? ரியோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. கடலில் குளிக்க ஏற்ற காலம்தான், ஆனால் மதியத்துக்கு மேல் திடீரென்று கொட்டித் தீர்க்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்களுக்குக் குளிர்காலம். பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், மழை குறைவு. மலைகளைப் பார்க்க எனக்கு இந்தக் காலம்தான் பிடித்திருக்கிறது.

ஜோடியாகப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரேசிலில் காதலர் தினம் ஜூன் 12. கல்யாணம் கூட்டிவைக்கும் புனிதராக அங்கே கருதப்படும் அந்தோணியாரின் திருநாளுக்கு முந்தின நாள் அது. அன்று மாலை நல்ல உணவகத்தில் சாப்பிட வேண்டுமானால் முன்பே இடம் சொல்லி வையுங்கள். டிசம்பர் 31 இரவு வேறு மாதிரி. கோபகபானா கடற்கரையில் லட்சக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் கூடுவார்கள். கடல் தாய் இயெமாஞ்சாவுக்குப் பூக்களை அலையில் விட்டு, ஏழு அலைகளைத் தாண்டிக் குதிப்பார்கள். அன்று அறை வாடகை பல மடங்கு ஏறும்.

மின்சாரம் அங்கே 127 வோல்ட். போன் சார்ஜர் வேலை செய்யும், நம் ஊர் இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் சரியாகச் சூடாகாது. பிளக்கின் வடிவமும் வேறு, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

படி 2: எங்கே தங்குவது

முதல்முறை என்றால் தெற்கு மண்டலத்தில் தங்குங்கள். கோபகபானா, இபனேமா, லெப்லோன், பொட்டாஃபோகு எல்லாமே அதில் வரும். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதுதான் முக்கியம். கோபகபானாவில் மட்டும் மூன்று நிலையங்கள் உண்டு. இபனேமாவுக்கு ஜெனரல் ஒசோரியோ நிலையம். உள்ளே நுழையும் இடத்தில் வங்கிக் கார்டைத் தட்டினாலே கதவு திறக்கும்.

மெட்ரோவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும். அவசரத்தில் இருவரும் சேர்ந்து அதில் ஏறிவிடாதீர்கள்.

கடற்கரையில் முகவரி சொல்லும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. லெமியில் 1 என்று தொடங்கி லெப்லோனில் 12 என்று முடியும் வரிசையில் உயிர்காப்பாளர் கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு போஸ்டோ. ஊர்க்காரர்கள் "ஒன்பதில் பார்க்கலாம்" என்றால் இபனேமாவின் ஒன்பதாம் போஸ்டோ என்று அர்த்தம். நீங்களும் ஒரு எண்ணைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் அங்கே போய் நிற்கலாம்.

படி 3: காலையில் எழுந்ததும் மலையைப் பாருங்கள்

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. தெருமுனைக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஓடி வந்து, "ஏங்க, சிலை தெரியுது, வந்து பாருங்க!" என்றேன். "காபி அப்புறம் குடிச்சுக்கலாம், கிளம்பு" என்றார் அவர். ரியோவில் நாங்கள் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

கொர்கொவாடு மலையின் உயரம் 710 மீட்டர். அதன் மேல் 8 மீட்டர் பீடத்தில் 30 மீட்டர் உயரச் சிலை. 1931 அக்டோபர் 12 அன்று திறந்தார்கள். உள்ளே கான்கிரீட், வெளியே சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி ஒட்டிய மாக்கல். சிலை கிழக்குப் பக்கம் பார்த்து நிற்பதால் காலை வெயில் முகத்தில் விழும். மதியத்துக்கு மேல் போனால் சூரியன் சிலைக்குப் பின்னால் போய், முகம் இருட்டாகிவிடும். காலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே போக இரண்டு நல்ல வழிகள். ஒன்று, கோஸ்மி வேலியு என்ற இடத்திலிருந்து புறப்படும் பற்சக்கர ரயில். 1884இல் தொடங்கிய பாதை அது. சிலைக்கான பொருட்களை மேலே ஏற்றியதும் இதே ரயில்தான். ஏறும்போது வலது பக்க இருக்கையில் உட்காருங்கள், காட்சி அந்தப் பக்கம்தான். இன்னொன்று, லார்கோ டோ மச்சாடோ மெட்ரோ அருகிலிருந்தும் கோபகபானாவிலிருந்தும் புறப்படும் வேன். ரயிலில் இடம் இல்லாவிட்டால் வேனைப் பாருங்கள். டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே எடுக்காதீர்கள். முந்தின நாள் இரவு வானிலையைப் பார்த்துவிட்டு எடுங்கள். கூட்டம் குறைந்த மாதங்களில், வேலை நாட்களில், அன்றைக்கே கிடைப்பதும் உண்டு. மேலே எஸ்கலேட்டரும் லிஃப்டும் இருக்கின்றன, முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

ரயில் போகும் திஜுகா காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டார்கள். ஊருக்கு வந்த ஓடைகள் வற்றின. அதனால் பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் காலத்தில், 1861 முதல், மரங்களைத் திரும்ப நட்டு வளர்த்தார்கள். நீங்கள் பார்க்கும் அடர்காட்டில் பெரும்பகுதி மனிதர்கள் மீட்டு எடுத்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தவள் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். பாதையோரம் பலாமரம், அடிமரத்தில் காய் தொங்குகிறது! போர்ச்சுகீசியர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோன மரம், அங்கே 'ஜாகா' என்கிறார்கள். இப்போது அது பெருகி உள்ளூர் மரங்களை நெருக்குகிறது என்று காட்டைப் பாதுகாக்கிறவர்கள் கவலைப்படுகிறார்கள்.

படி 4: மாலைக்குச் சர்க்கரைக் குன்று

சிலை காலைக்கு என்றால், பாவ் டி அசூகர் என்கிற சர்க்கரைக் குன்று மாலைக்கு. 396 மீட்டர் உயரம். 1912 முதல் ரோப் கார் ஓடுகிறது. பிரையா வெர்மெலியா கடற்கரை அருகே ஏறி, முதலில் ஊர்கா குன்றில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரோப் காரில் உச்சிக்குப் போக வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மேலே இருங்கள். ஜூனில் ஐந்தே காலுக்கே மறைந்துவிடும், டிசம்பரில் ஆறரை தாண்டும். எதிரே கிறிஸ்து மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, கீழே குவானபாரா விரிகுடாவில் படகுகளில் விளக்கு ஏற, நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை.

இறங்கிய பிறகு உடனே திரும்பிவிடாதீர்கள். ஊர்கா பகுதியில் விரிகுடாவை ஒட்டி ஒரு தாழ்வான மதில் ஓடுகிறது. ஊர்க்காரர்கள் பக்கத்துக் கடையில் பலகாரமும் குடிக்க ஏதாவதும் வாங்கி வந்து அந்த மதிலிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரியோவில் ஜோடியாக உட்கார இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை.

படி 5: கடற்கரையில் ஒரு முழு நாள்

கோபகபானா சுமார் 4 கிலோமீட்டர் நீளம். கருப்பும் வெள்ளையுமாக அலை போல நெளியும் நடைபாதையை எங்கேயாவது படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்றிருக்கும் வடிவம் 1970 வாக்கில் தோட்டக் கலைஞர் ரோபெர்ட்டோ பூர்லி மார்க்ஸ் அமைத்தது. இபனேமா இன்னும் அமைதி.

துண்டு எடுத்துப் போகாதீர்கள். அங்கே யாரும் மணலில் துண்டு விரிப்பதில்லை. 'கங்கா' என்று லுங்கி போல மெல்லிய துணி விற்பார்கள், அதைத்தான் விரிப்பார்கள், இடுப்பில் கட்டுவார்கள். நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும், உட்காருவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே தேவையில்லை, எல்லாம் உங்களைத் தேடி வரும். தோளில் இரண்டு உலோகக் குடங்களைத் தொங்கவிட்டு ஒருவர் வருவார். ஒன்றில் மாத்தி என்கிற குளிர்ந்த இலைத் தேநீர், மற்றதில் எலுமிச்சைச் சாறு, இரண்டையும் கலந்து தரச் சொல்லுங்கள். கூடவே மரவள்ளி மாவில் செய்த, வளையம் போன்ற குளோபோ பிஸ்கட். உப்பு ஒன்று, இனிப்பு ஒன்று வாங்கி மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம்.

திடீரென்று சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் கைதட்டினால் குழம்பாதீர்கள். ஒரு குழந்தை பெற்றோரைத் தொலைத்துவிட்டது என்று பொருள். யாராவது அதைத் தோளில் தூக்கிக் காட்ட, பெற்றோர் பார்க்கும் வரை கைதட்டிக்கொண்டே நடப்பார்கள்.

கடல் பார்க்க அழகு, இழுப்பு பலம். சிவப்புக் கொடி இருக்கும் இடத்தில் இறங்க வேண்டாம். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பொருட்களோடு கரையில் இருக்கட்டும். ஞாயிறு என்றால் கடலோரச் சாலையின் ஒரு பாதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், சைக்கிள் எடுத்து லெமியிலிருந்து லெப்லோன் வரை போய் வாருங்கள்.

படி 6: மேகம் மூடிய நாளில் நகர மையம்

மலை தெரியாத நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை நாளாக இருக்கட்டும். சனி, ஞாயிறில் மையப் பகுதி வெறிச்சோடிவிடும், தனியாக நடக்க நன்றாக இருக்காது. கரியோகா நிலையத்தில் இறங்கினால் 1894இல் தொடங்கிய கொலம்போ மிட்டாய்க்கடை நடந்து போகும் தூரம். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஆளுயரக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு காபி குடியுங்கள். பக்கத்திலேயே போர்ச்சுகீசிய வாசிப்புக் கூடம், தரை முதல் கூரை வரை மரவேலைப்பாட்டில் புத்தகங்கள். அப்புறம் மஞ்சள் டிராமில் ஏறுங்கள். பழைய நீர்ப்பாலத்தின் மேலேயே ஊர்ந்து சாந்தா தெரேசா குன்றுக்குப் போகும். இறங்கும்போது செலரோன் படிக்கட்டு. சிலியில் பிறந்த ஹோர்ஹே செலரோன் 1990இல் தன் வீட்டு வாசல் படிகளில் ஓடு பதிக்கத் தொடங்கி, 2013இல் இறக்கும் வரை விடவில்லை. மொத்தம் 215 படி, பல நாடுகளிலிருந்து வந்த ஓடுகள். கூட்டமில்லாமல் படம் எடுக்க வேண்டுமானால் இன்னொரு நாள் காலை ஒன்பதுக்கு முன் தனியாக இதற்கென்று வாருங்கள்.

படி 7: சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 'போர் கிலோ' உணவகம் பெரிய துணை. தட்டில் வேண்டியதை எடுத்துத் தராசில் வைத்தால் எடைக்குக் காசு. சோறு, கீரை, வாழைப்பழ வறுவல், காய்கறி எல்லாம் இருக்கும். கருப்பு பீன்ஸ் குழம்பில் பெரும்பாலும் இறைச்சி கிடக்கும், கேட்டு எடுங்கள். 'ஸெம் கார்னி' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் சிலர் கோழியையும் பன்றித் தொடையையும் கார்னி என்று கருதுவதில்லை, தனியாகக் கேளுங்கள். பாவ் டி கேஜு என்ற பாலாடைக்கட்டி உருண்டையில் முட்டை இருக்கும். தோசைக்கல்லில் வார்ப்பது போல மரவள்ளி மாவைத் தூவிச் செய்யும் தப்பியோகாவைத் தேங்காய்த் துருவலோடு வாங்குங்கள். முந்திரிப் பழச்சாறும் கட்டாயம். முந்திரியும் மரவள்ளியும் அந்த மண்ணிலிருந்து நம் ஊருக்கு வந்தவைதான்.

படி 8: போனும் மோதிரமும்

பயந்துகொண்டே சுற்ற வேண்டாம், ஆனால் அசட்டையும் கூடாது. தாலிச் சங்கிலி, தங்க வளையலை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாலையோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள். இருட்டிய பிறகு மணலில் இறங்க வேண்டாம், இரவில் டாக்சியோ ஊபரோ போதும். வழிகாட்டிச் செயலி குறுக்குவழி என்று காட்டும் குன்றுப் பாதைகளில் ஏறாதீர்கள். மற்றபடி கைகோத்து நடப்பதையோ தோளில் சாய்வதையோ அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே பாலினத்து ஜோடிகளையும் இபனேமாவில் சகஜமாகப் பார்த்தோம்.

படி 9: நாலு வார்த்தை

ஆங்கிலம் பல இடங்களில் எடுபடாது. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் போர்ச்சுகீசியம் தெரியும். சாவி அங்கே 'ஷாவி', ஜன்னல் 'ஜனேலா', மேசை 'மேசா', துவாலை 'துவாலியா'. எல்லாம் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்கள். ஓட்டல் வரவேற்பில் என் கணவர் வாய் தவறித் தமிழிலேயே "சாவி" என்று கேட்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

நன்றி சொல்வதில் மட்டும் இருவருக்கும் ஒரே சொல் கிடையாது. ஆண் 'ஒப்ரிகாடு' என்பார், பெண் 'ஒப்ரிகாடா' என்பார். எதிரில் இருப்பவர் யார் என்பது கணக்கில்லை, சொல்கிறவர் யார் என்பதுதான் கணக்கு. இரண்டு நாள் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள்தான் எங்களுக்குச் சரியாக வந்தது.